நின்றால் அணையும் விளக்கு

ஒரே சைக்கிள் விளக்குக்காகப் போலீஸ் என்னை இரண்டு முறை பிடித்திருக்கிறது. முதல் தடவை என் மேல் தப்பில்லை. இரண்டாவது தடவை தப்பு முழுக்க என்னுடையது. இரண்டு தடவையும் பிடித்தவர் ஒரே போலீஸ்காரர் என்பதால்தான் இதை எழுதத் தோன்றுகிறது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. புதுச்சேரியில் கொடி மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆட்சி நம்முடையதாகிவிட்டாலும் காகிதத்தில் இன்னும் முழுசாகக் கைமாறவில்லை என்று பேசிக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள் தலையில் பிரெஞ்சுக்காரன் கொடுத்த சிவப்புத் தொப்பி. பேச்சு தமிழ். ஸ்டேஷன் அலமாரியில் இருந்த சட்டப் புத்தகம் பிரெஞ்சு. புதிதாக மேலிடத்திலிருந்து வரும் தாள்கள் இங்கிலீஷ். மூன்றும் ஒன்றாகச் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை அன்றைக்கு நேரிலேயே பார்த்தேன்.

நான் சென்னையில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஊரிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சராகச் சேர்ந்திருந்தேன். வீடு முத்தியால்பேட்டையில். பள்ளிக்குச் சைக்கிளில் போய் வருவேன். அந்தச் சைக்கிள் என் அத்தையுடையது. அத்தையின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பல் ஏறும்போது அத்தை அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் அதைச் சைக்கிள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வெலோ என்பாள். பச்சை நிறம். குறுக்குக் கம்பி கிடையாது. சேலை மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் நூல் வலை கட்டியிருக்கும். அந்தச் சக்கரத்துக்கு மேலே, நிமிர்த்து வைத்த சின்ன மருந்துப் புட்டி மாதிரி ஒரு டைனமோ. ஒரு சின்ன நெம்புகோலைத் தட்டினால் புட்டியின் தலை டயரின் பக்கவாட்டில் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றினால் தலையும் சுற்றும், முன்னால் விளக்கு எரியும். எண்ணெய் வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

நான் சைக்கிள் விடுவதில் அம்மாவுக்கு வருத்தம் இல்லை. அந்த டைனமோ போடும் சத்தத்தில்தான் வருத்தம். மாவு மிஷின் தெருவுக்குள் நடந்து வருவதுபோல இருக்கிறதாம். என்னைப் பெண் பார்க்க யாராவது வந்தால், பெண் எங்கே என்று கேட்பார்கள், அதோ சத்தம் கேட்கிறதே அதுதான் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பாள்.

மார்கழி மாசம் ஒரு நாள் வகுப்பில் மின்காந்தத் தூண்டல் பாடம் வந்தது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தாலும் வெளியே இழுத்தாலும் கம்பியில் மின்சாரம் ஓடும். அவ்வளவுதான் விஷயம். பள்ளி அலமாரியில் பிரெஞ்சில் பெயர் ஒட்டிய சாமான்கள் இருந்தன. ஒரு லாடக் காந்தம், ஒரு நீளக் காந்தம், ஒரு கம்பிச் சுருள், மின்சாரம் ஓடினால் முள் அசைந்து காட்டும் ஒரு கருவி. எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, கம்பிகளை முடுக்கி, நீளக் காந்தத்தைச் சுருளுக்குள் விட்டேன். முள் அசையவில்லை. வேகமாக விட்டேன். அசையவில்லை. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளி அது. உப்புக் காற்று முள்ளின் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். கடைசியில் கண்ணாடி மேல் விரலால் தட்டினேன். முள் ஒரே பாய்ச்சலாக ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. பெண்கள் கைதட்டினார்கள்.

ஒருத்தி மட்டும் தட்டவில்லை. பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா ஊருக்குள் மீன் கூடை கொண்டுவந்து விற்பவள். பதினாலு வயசிருக்கும். கடைசி பெஞ்சு. எழுந்து நின்று, மரியாதையாகத்தான் சொன்னாள்.

"டீச்சர், நீங்க தட்டினதுக்குத்தான் முள்ளு ஓடிச்சு. காந்தத்துக்கு ஓடல."

உண்மைதான் என்று ஒத்துக்கொண்டேன். அவள் உட்காரவில்லை. காந்தம் உள்ளே போகும்போது கரண்டு வரும், வெளியே வரும்போதும் வரும், உள்ளேயே சும்மா இருந்தால் வராது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே, காந்தம் உள்ளேதானே இருக்கிறது, அப்புறம் ஏன் வராது என்று கேட்டாள். நான் புத்தகத்தில் இருந்த வாக்கியத்தையே இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். புரிந்து உட்காரவில்லை, என்னைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் உட்கார்ந்தாள். நாளைக்கு என் சைக்கிளை வகுப்புக்கே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று எல்லாருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் பள்ளி விட்ட பிறகும் அந்த முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அது அசைந்து கொடுக்கவில்லை. கிளம்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. டைனமோவைச் சாய்த்துவிட்டு, ர்ர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு நாற்சந்தியில் சிவப்புத் தொப்பி கையைக் காட்டியது. பிரேக் பிடித்து இறங்கினேன்.

நாற்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஆள். அடர்த்தியான மீசை. நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய், "போன்சுவார் மத்மசேல்" என்றார். அதோடு பிரெஞ்சு முடிந்தது.

"வெளக்கு இல்லாம வர்றீங்களே."

"எரிஞ்சுக்கிட்டுதான் சார் வந்துது. நீங்க நிறுத்தினதால அணைஞ்சுட்டுது."

அவர் என்னைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். அவர் கையைக் காட்டினபோது வேறொரு வண்டிக்குப் பின்னால் நான் வந்ததால் விளக்கை அவர் பார்க்கவில்லை. இருபது வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ சாக்குக் கேட்டிருப்பார். போலீஸ்காரர் நிறுத்தினதால் விளக்கு அணைந்தது என்ற சாக்கை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். ஓட்டினால் அப்படியே போய்விடுவீர்கள் என்றார். நியாயம்தான். வேண்டுமானால் கூடவே ஓடி வாருங்கள் என்றேன். நாற்சந்தியை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மாற்று ஆள் வந்ததும் என்னை ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார்.

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். டைனமோ டயரில் சாய்ந்தே இருந்தது. நடக்கிற வேகத்துக்கு விளக்கு, பீடி நெருப்பு மாதிரி சிவப்பாகக் கண்ணைத் திறந்தது. அவர் அதைப் பார்த்து, "எரியுதே" என்று நின்றார். அவர் நின்றதால் நானும் நின்றேன். அணைந்தது. மறுபடி நடந்தோம், எரிந்தது. மறுபடி நின்றார். நான் கைப்பிடியில் எங்கேயோ பொத்தான் வைத்து அமுக்குகிறேன் என்று நினைத்திருக்கிறார். என்னை விலகச் சொல்லிவிட்டுத் தானே தள்ளினார். அவருக்கும் எரிந்தது. ஸ்டேஷன் போய்ச் சேர்கிற வரைக்கும் அவர்தான் தள்ளிக்கொண்டு வந்தார், முன்னால் குனிந்து விளக்கையே பார்த்துக்கொண்டு.

ஸ்டேஷனில் வயதான அதிகாரி ஒருவர் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அலமாரியிலிருந்து தடிமனான சட்டப் புத்தகத்தை எடுத்துப் பிரெஞ்சில் முணுமுணுவென்று படித்தார். இருட்டினபின் சாலையில் போகும் வெலோவுக்கு விளக்கு எரிய வேண்டும் என்று இருக்கிறதாம். போகும் வெலோவுக்குத்தான். நிற்கிற வெலோவைப் பற்றி ஒன்றும் இல்லை. புதிதாக வந்த இங்கிலீஷ் தாளில் ஏதாவது இருக்கிறதா என்று எழுத்தரைக் கேட்டார். எழுத்தர் தாளைத் தேடுவதற்குப் பதிலாக என் விளக்கின் கண்ணாடியைக் கழற்றிப் பேட்டரியைத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே பல்பு மட்டும்தான் இருந்தது.

நான் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பெடலைக் கையால் சுற்றினேன். வெளிச்சம் சுவரில் அடித்தது. சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து போயிற்று. அதிகாரி என்னைப் பிடித்து வந்தவரையே சுற்றச் சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குந்திக்கொண்டார். மெதுவாகச் சுற்றினால் சிவப்பு, வேகமாகச் சுற்றினால் வெள்ளை. திடீர் திடீரென்று சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி விளக்கைப் பார்த்தார். ஐந்தாறு முறை அப்படிச் செய்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. சக்கரம் நின்ற பிறகும் விளக்கு ஒரு கண நேரமாவது எரிகிறதா என்று கையும் களவுமாகப் பிடிக்கப் பார்க்கிறார். அது அகப்படவில்லை.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டார். காந்தம், அதைச் சுற்றிக் கம்பிச் சுருள், காந்தம் சுற்றினால் கம்பியில் கரண்டு வரும், நின்றால் வராது என்றேன்.

"ஏன், நின்னாலும் காந்தம் உள்ளதான இருக்குது?"

ஒரே நாளில் அதே கேள்வி இரண்டாவது தடவை. இந்த முறை புத்தக வாக்கியத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. காந்தத்தின் பலம் கம்பிச் சுருளுக்குள் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ இருந்தால்தான் கம்பிக்கு அது வந்தது தெரியும், மாறாமல் அப்படியே இருந்தால் கம்பி கண்டுகொள்ளாது என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அவர் பெடலில் கையை வைத்தபடியே யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நாங்களும் அப்படித்தாம்மா. ஐயா உள்ள வர்றப்ப எல்லாரும் எழுந்து நிப்போம். வெளிய போறப்ப எழுந்து நிப்போம். உள்ளயே குந்தினு இருந்தாருன்னா யாரு எழுந்திரிக்கறா."

அந்த ஐயா, சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் தடுமாறிச் சிரித்துவிட்டார். என்னைப் போகச் சொன்னார். இனிமேல் டைனமோ வைத்த சைக்கிளை நிறுத்தாமல், ஓடும்போதே பார்க்க வேண்டும் என்று என்னைப் பிடித்தவருக்கு உத்தரவும் போட்டார்.

மறுநாள் சைக்கிளை இரண்டு பெஞ்சு மேல் தலைகீழாக நிறுத்தி, பிள்ளைச்சாவடிப் பெண்ணையே பெடல் சுற்றச் சொன்னேன். விளக்கு எரிந்தது. அவள் கேட்ட கேள்விக்குப் போலீஸ்காரர் சொன்ன பதிலையே சொன்னேன், ஐயாவுக்குப் பதிலாக எங்கள் தலைமையாசிரியை அம்மாளை வைத்து. அம்மாள் வகுப்புக்குள் வந்தால் எழுந்து நிற்கிறீர்கள், போனால் எழுந்து நிற்கிறீர்கள், உள்ளே இருக்கும்போது சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் அல்லவா என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பெஞ்சு மேல் சைக்கிள் ஏறிய செய்தி கேட்டு அம்மாளே வந்து நின்றார். முப்பது பெண்களும் எழுந்தார்கள். எழுந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். என்ன சிரிப்பு என்று அம்மாள் கேட்டார். பாடம் புரிந்துவிட்டது என்றேன். அவர் நம்பாமல் திரும்பிப் போனார். மறுபடி எழுந்தார்கள், மறுபடி சிரிப்பு.

அமளி அடங்கின பிறகும் அந்தப் பெண் மட்டும் சைக்கிளை விட்டு நகரவில்லை. விளக்குக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டுப் பெடலைச் சுற்றினாள். மாட்டிவிட்டுச் சுற்றினாள். கழற்றினால் லேசாகச் சுற்றுகிறது, மாட்டினால் கை கனக்கிறது என்றாள். நான் மூன்று மாசமாக அந்தச் சைக்கிளை ஓட்டுகிறேன், விளக்கு போட்டால் கால் வலிக்கும் என்று தெரியும். அதைப் பாடத்தோடு சேர்த்து ஒரு நாளும் நினைத்ததில்லை. எரிகிற வெளிச்சம் முழுக்க உன் கையிலிருந்துதான் போகிறது என்றேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பள்ளி வாசலில் சிவப்புத் தொப்பி வந்து நின்றது. பெண்கள் பள்ளியில் போலீஸ். தலைமையாசிரியை அம்மாள் அவரைத் தன் அறையில் உட்கார வைத்துவிட்டு, நான் என்ன செய்துவிட்டேனோ என்ற முகத்தோடு எனக்கு ஆள் அனுப்பினார். போனால், என்னைப் பிடித்த அதே போலீஸ்காரர் என்னைவிடக் கவலையாக உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். நடந்தது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது விளக்கு இல்லாமல் வருகிறவர்கள் அத்தனை பேரும், நிறுத்தினால், டைனமோ சார், நின்னா அணைஞ்சிடும் என்கிறார்களாம். டைனமோவே இல்லாதவனும் அதைத்தான் சொல்கிறானாம். கூட்டமாக வரும்போது, ஓடுகிறபோதே யாருடைய விளக்கு எரிகிறது என்று பார்க்க முடிவதில்லையாம். ஒருவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு மருந்துப் புட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். இருட்டில் இவரும் நம்பி அனுப்பிவிட்டார். கெட்டுப்போன டைனமோவை அழகுக்கு மாட்டிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். "எது நெசம், எது பொய்னு எப்படி டீச்சரம்மா கண்டுபிடிக்கறது?" என்று கேட்டார்.

ஸ்டாண்ட் போட்டுச் சுற்றிப் பார்க்கலாமே என்றேன். சாயங்காலம் மில் விடும் நேரத்தில் ஒரே சமயத்தில் இருபது சைக்கிள் வரும், எனக்கு இரண்டு கைதான் என்றார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அந்த நேரம் நோட்டுப் புத்தகக் கட்டோடு உள்ளே வந்த பிள்ளைச்சாவடிப் பெண், கட்டை மேஜையில் வைத்துவிட்டு, டயரைத் தொட்டுப் பார்த்தால் தெரியும் என்றாள். மூன்று பேரும் அவளோடு சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனோம். அம்மாளும்தான். டயரின் பக்கவாட்டில், டைனமோ தலை உரசுகிற இடத்தில், சுற்றிலும் ஒரு கோடு வழவழவென்று தேய்ந்திருந்தது. தினம் உரசினால்தான் அந்தக் கோடு விழும். போலீஸ்காரர் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார். அம்மாளும் தடவிப் பார்த்துவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். புதிதாக டைனமோ வாங்கினவனுக்குக் கோடு இருக்காதே என்று போலீஸ்காரரைக் கேட்டேன்.

"புதுசா வாங்கினவன நாம கேக்கவே வேணாம்மா. அவனே நிறுத்தி, எறங்கி, சுத்திக் காட்டிட்டுத்தான் போவான்."

அன்றிலிருந்து அவர் நாற்சந்தியில் குனிந்து குனிந்து டயரைத் தடவ ஆரம்பித்தார். மருந்துப் புட்டிக்காரனும் ஒரு வாரத்தில் அகப்பட்டான். ஊரில் அவருக்கு டைனமோ போலீசு என்றே பெயர் விழுந்துவிட்டது. நான் தாண்டிப் போகும்போது, நிறுத்த வேண்டாம், போங்க போங்க என்று கையசைப்பார்.

இப்போது இரண்டாவது கதைக்கு வருகிறேன். பங்குனி மாசம், பௌர்ணமிக்கு முதல் நாளோ என்னவோ, கடலிலிருந்து நிலா ஏறியிருந்தது. தெருவெல்லாம் வெள்ளையாக இருந்தது. எதிர்க்காற்று வேறு. டைனமோவைச் சாய்த்துக்கொண்டு மிதிக்க மனசு வரவில்லை. நெம்புகோலைத் தூக்கிவிட்டு, சத்தமில்லாமல், லேசாக வந்துகொண்டிருந்தேன். நாற்சந்தியில் அவர் இருந்தார். வழக்கம்போலக் கையசைப்பார் என்று நினைத்தேன். விசில் அடித்தார். காலை ஊன்றுவதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் நெம்புகோலைத் தட்டி டைனமோவைச் சாய்த்துவிட்டேன். ஒரு டீச்சர் செய்கிற வேலை இல்லைதான்.

"டைனமோதான் சார். நின்னா அணைஞ்சிடும்," என்றேன். முகத்தில் சலனம் இல்லாமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் குனிந்து டயரைத் தடவினார். கோடு இருந்தது. பிறகு, காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல, டைனமோவின் தலையைப் புறங்கையால் தொட்டார்.

"சில்லுனு இருக்குதே, டீச்சரம்மா."

பள்ளியிலிருந்து அந்த நாற்சந்தி வரைக்கும் ஓடின டைனமோ கொஞ்சமாவது சூடாகியிருக்க வேண்டும். அதை அவருக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. என் புத்தகத்திலும் இல்லை. நூற்றுக்கணக்கான சைக்கிளைத் தொட்டுத் தொட்டு அவராகக் கண்டுபிடித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒத்துக்கொண்டேன். கேஸ் எழுதட்டுமா, வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு நடக்கிறீர்களா என்று கேட்டார். நடக்கிறேன் என்றேன். அவருக்கும் வேலை முடிகிற நேரம், வீடும் எங்கள் பக்கம்தான். கூடவே நடந்தார்.

ஏன் சூடாகிறது என்றுதான் முதலில் கேட்டார். உரசுவதில் கொஞ்சம், கம்பியில் கரண்டு ஓடுவதில் கொஞ்சம் என்றேன். ஊருக்கு வருகிற கரண்டும் இப்படித்தானா என்றார். இதே காந்தமும் கம்பியும்தான், வீடு அளவுக்குப் பெரியது, எங்கேயோ தூரத்தில் யாரோ சுற்ற வைக்கிறார்கள் என்றேன். யார் அவ்வளவு பெரிய பெடலை மிதிப்பது என்று கேட்டார். நீராவியோ, அணைத் தண்ணீரோ என்றேன். வழியில் இரும்புக் கதவு போட்ட சின்னக் கரண்டு அறை ஒன்று உண்டு. உள்ளே டிரான்ஸ்பார்மர், எந்நேரமும் ம்ம்ம் என்று முனகிக்கொண்டிருக்கும். அதற்குள்ளும் காந்தம் சுற்றுகிறதா என்றார். இல்லை, அங்கே ஒன்றுமே சுற்றாது, ஒரு சுருளில் ஓடும் கரண்டே ஓயாமல் முன்னும் பின்னும் திசை மாறும், அதனால் காந்த பலம் கூடிக் குறைந்து பக்கத்துச் சுருளில் கரண்டை எழுப்பும் என்றேன். அவர் கதவில் காதை வைத்துக் கேட்டார்.

"அப்ப இங்க ஐயா, வாசப்படியிலயே உள்ள வெளிய, உள்ள வெளியன்னு நடந்துக்கினே இருக்காரு," என்றார். "எழுந்து எழுந்து நின்னே எல்லாருக்கும் முதுகு ஒடஞ்சிடும். அதான் முனகுறாங்க."

அதைவிட நன்றாக டிரான்ஸ்பார்மரை நான் இன்று வரை யாருக்கும் விளக்கினதில்லை.

போலீஸோடு நான் நடந்து வருவதைப் பார்த்து அம்மா தெருவுக்கே ஓடி வந்தாள். அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பாடம் கேட்டுக்கொண்டு வந்தேன் என்றார். உண்மையும் அதுதான். அம்மா காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வருஷம் அவரைக் கோரிமேட்டு எல்லைச் சாவடிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே சைக்கிள் குறைவு, பஸ்ஸும் லாரியும்தான். ஒரு மாசம் கழித்து பஸ் கண்டக்டர் ஒருவர் பள்ளிக்கு ஒரு துண்டுச் சீட்டு கொண்டுவந்து கொடுத்தார். பஸ்ஸிலும் டைனமோதான் இருக்கிறது என்கிறார்கள், ஆனால் சாவடியில் நிறுத்தி இஞ்சினை அணைத்த பிறகும் விளக்கு எரிகிறதே, அது எப்படி என்று எழுதியிருந்தார். சீட்டை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஓடும்போது டைனமோ பேட்டரியை நிரப்பி வைக்கும், நின்ற பிறகு பேட்டரி எரிய வைக்கும் என்று பிள்ளைச்சாவடிப் பெண்ணையே அழகான கையெழுத்தில் பதில் எழுதச் சொல்லி, அதே கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினோம்.

புரிந்தது என்று பதில் வந்தது. கூடவே இன்னும் இரண்டு கேள்விகளும் வந்தன.